நாங்களே போட்ட கோடு

எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுகிறேன். எனக்கு வந்த புராஸ்டேட் புற்றுநோய் அடிவயிற்று நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிவிட்டது. அங்கே மட்டும் குறிவைத்துக் கதிர் பாய்ச்ச, சேலத்து மருத்துவமனையில் இடுப்பில் மையால் கோடுகள் போட்டு, அழியக் கூடாது என்றார்கள்.

சனிக்கிழமை வழக்கம்போல எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டேன். கோடுகள் போய்விட்டன. திட்டுவார்களே என்று பயந்து, மங்கிய தடத்தின் மேல் பேனாவால் வரையும்படி மனைவியிடம் சொன்னேன்.

"இதெல்லாம் நாம போடற கோடாங்க?" என்றபடியே வரைந்தாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கதிர் மெஷினில் படுக்கவைத்து, கால்கள் நகராதபடி பொருத்தி, "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பெண் ஊழியர் வெளியே போனார். கனத்த கதவு மூடியது. மெஷின் என்னைச் சுற்றத் தொடங்கியது. எழுந்தால் கதிர் எங்கே படுமோ, படுத்தே கிடந்தால் எங்கே படுமோ. மூச்சுவிடவும் பயமாக இருந்தது. கடைசியில் சுவரில் இருந்த கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

ஓடி வந்தவரிடம், "கோடு ஊட்ல போட்டதுங்க சாமி" என்றேன்.

"இப்ப படந்தாங்க எடுத்தோம், கதிர் இன்னும் விடலீங்க. அழிஞ்சா அழிஞ்சுதுன்னு சொல்லிருங்க" என்றார். மறுபடி அளந்து புதுக்கோடு போட்டார்கள்.

இன்னும் ஒன்பது நாள் பாக்கி. எண்ணெய்க் குளியலை நிறுத்திவிட்டேன். வேர்வையில் கோடு லேசாக மங்கினாலும், வாசலிலேயே சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.