மாமா கொண்டுவந்த ஒன்பது துண்டுகள்

அம்மாவின் தம்பி கண்டியில் ஆஸ்பத்திரிப் பக்கத்து ஸ்டாண்டில் ஓட்டோ ஓடினார். அம்பிட்டியவில் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கிப் பழகியதில் ஆங்கிலம் அவருக்குத் தண்ணீராக வரும். அதனால் எங்கள் வீட்டில் பெரிய படிப்பாளி மாமாதான் என்று நான் வகுப்பெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் தரம் எட்டில் படிக்கும்போது ஆங்கில தினத்துக்காக டீச்சர் ஒரு வேலை தந்தார். சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளிருந்து ஆளுக்கொரு சொல்லை எடுக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பத்து அர்த்தங்களைப் பத்துப் பேரிடம் கேட்டு வர வேண்டும். சொன்னவர் கையாலேயே எழுதிய துண்டும் வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் அகராதியைப் பார்த்துக் கதை விடுவோம் என்று அவருக்குத் தெரியும். நன்றாகச் செய்தவர் காலைக் கூட்டத்தில் மேடையேறி வாசிக்கலாம். அந்த மேடை எனக்கு எப்படியும் வேண்டும். பக்கத்தில் இருந்தவளுக்கு ‘ஸ்டார்’ கிடைத்தது. எனக்கு வந்தது ‘லைன்’.

அழாத குறையாக வீட்டுக்கு வந்தேன். மாமா, “இதுக்குப் போயி மூஞ்சத் தூக்குறியா புள்ள? என் ஓட்டோல ஏறாத ஆளா?” என்றார்.

மறுநாளிலிருந்து ஏறியவர்கள் ஒருவரும் தப்பவில்லை. பார்மசி பில்லின் பின்பக்கத்தில் ஒரு நர்ஸ், நரம்பில் ஊசி குத்தி மருந்து ஏற்றும் குழாய் என்று எழுதியிருந்தார். அக்குறணை முதலாளி ஒருவர், ஹார்ட்வெயார்தான் தன் லைன் என்று பெருமையாக எழுதி, கடை முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தார். கரண்ட் கம்பி வந்தது, கம்பளைக்குப் போகும் ரயில் பாதை வந்தது, நாடகத்தில் பேசும் வசனம் வந்தது. பேராதனைப் பூங்காவுக்குப் போன ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வாசலில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, பின் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கம் எழுதினாராம். முதலில் அது சணல் போன்ற ஒரு செடியின் நூலாம். நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். அந்த நேர்தான் பிறகு கோடாகி, வரிசையாகி, மற்ற எல்லாமும் ஆனதாம்.

ஒவ்வொரு பின்னேரமும் துண்டை நீட்டி, “கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டேன், நீயே வாசி” என்பார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. நான் வாசித்து முடித்ததும் கண்ணை மூடி ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார்.

வியாழக்கிழமை வரை ஒன்பது துண்டுகள் சேர்ந்தன. வெள்ளி காலை பள்ளிக்கூடம் போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போது மாமா திரும்பிப் பார்த்தார்.

“லயனும் அதுதான புள்ள? நானும் ஒங்கம்மாவும் பொறந்த லயன். வரிசையா காம்பரா கட்டுனதால வெள்ளைக்காரன் வச்ச பேரு. இது என் கணக்கு.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் நான் ஓடி விளையாடிய, ஒற்றை அறை வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயன். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு நீட்டினேன்.

“ஒங்க கையால எழுதித் தாங்க மாமா. டீச்சர் கேப்பாங்க.”

அவர் தாளை முழங்காலில் வைத்தார். பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “பச்ச லைட் விழுந்துருச்சு” என்று ஓட்டோவை எடுத்தார்.

துண்டில்லாத அர்த்தம் எதற்கு? பள்ளிக்கூட வாட்ச்சரிடம் மீன் பிடிக்கும் நூலை எழுதி வாங்கிப் பத்தாக்கிக்கொண்டேன். மேடையும் கிடைத்தது. வாசித்து முடித்து, நர்ஸ் அக்கா முதல் வாட்ச்சர் ஐயா வரை துண்டு தந்த பத்துப் பேருக்கும் நன்றி சொன்னேன். அன்று மாமா ஆளேற்றி ஹயர் போகாமல் மதிலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். “ஒருத்தரையும் மறக்காம நன்றி சொன்ன புள்ள, அதான் நல்ல பழக்கம்” என்று பின்னேரம் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

பல வருடம் கழித்து என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அவரைத்தான் கூப்பிட்டேன். கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே பெருவிரலை மையில் வைத்தார். அப்போதுதான் அந்தத் துண்டுகளெல்லாம் கண்முன் வந்தன. தன்னால் வாசிக்க முடியாத ஒன்பது துண்டுகளை ஒன்றும் கசங்காமல் சட்டைப் பையில் வைத்து எனக்காகக் கொண்டுவந்தவர் அவர். இன்று ஆங்கிலம் படிப்பித்துத்தான் சாப்பிடுகிறேன். ‘லைன்’ வரும் பாடத்தில் லயனைத்தான் முதலில் எழுதுவேன். அதை யார் சொன்னது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

மேடையேறிய அன்றைக்கு மட்டும் ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டே எனக்கு அவர்மேல் ஒரு கோபம் இருந்தது. என் புதுப் பேனாவை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.