நெல்லையப்பன் பார்க்காத சூரியன்

தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தில் யார் கன்னியாகுமரிக்குக் கிளம்பினாலும் முதலில் நெல்லையப்பன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எங்கே வண்டியைப் போடலாம், எந்த லாட்ஜில் தண்ணீர் வரும் என்று கேட்டுவிட்டு, கடைசியில் சூரியன் கதைக்கு வருவார்கள். அவரும் சளைக்காமல் சொல்லுவார்.

"மொதல்ல வானத்துக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு செவப்புக் கோடு விழும். பெறவு தாம்பாளத்தை விளிம்பைப் பிடிச்சுத் தூக்குன மாதிரி மெதுவா மேல வரும். அந்த நேரம் பாரு, அம்புட்டு ஜனமும் பேச்சை நிறுத்திரும்."

கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். முப்பத்தைந்து வருடத்தில் முந்நூறு தடவைக்குக் குறையாமல் அந்த முனைக்குப் போய்வந்த மனிதர் அல்லவா, சும்மாவா?

சும்மாதான். அந்த முந்நூறில் ஒரு தடவைகூட அவர் அங்கே சூரியன் உதித்துப் பார்த்தது கிடையாது.

நெல்லையப்பன் டூர் பஸ் சமையல்காரர். சாரல் மாதங்களில் குற்றாலத்து லாட்ஜுகளில் தங்கும் பார்ட்டிகளுக்குச் சமைப்பார். கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப சாமிகளின் பஸ்ஸில் ஏறிவிடுவார். அருவியில் குளித்து, செங்கோட்டை வழியாக மலைக்குப் போய், திரும்பும்போது கன்னியாகுமரியில் சூரியனைப் பார்த்துவிட்டு ஊர் சேருவது அந்த பஸ்களின் வழக்கம். விடிவதற்கு முன்னால் பஸ் அங்கே போய் நிற்கும். சாமிகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நடப்பார்கள். இவர் பஸ் மேலே ஏறி அண்டாவையும் அடுப்பையும் இறக்குவார். அவர்கள் திரும்பும்போது பொங்கலும் சாம்பாரும் ஆவி பறக்க இருக்க வேண்டும். "ஏலே, அடுப்பை விட்டு நகந்தே, கரண்டியாலேயே போடுவேன்" என்று அவருக்குச் சமையல் பழக்கிய இசக்கி மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மாஸ்டர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆன பிறகும் நெல்லையப்பன் நகரவில்லை.

நகரவும் முடியாது. அந்த முனைக் காற்று லேசுப்பட்ட காற்றா? மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு பேயாட்டம் ஆடும். ஒரு அடுப்பு பற்றவைப்பதற்குள் ஒரு பெட்டி தீக்குச்சி காலியாகும். பஸ்ஸின் மறைவில் தகரத்தைச் சாய்த்து, அதற்கு மேல் அரிசிச் சாக்கைக் கட்டி, அதுவும் போதாமல் தன் முதுகையும் கொடுத்து நிற்பார். கடற்கரைப் பக்கம் "ஓ" என்று சத்தம் கேட்கும். சூரியன் வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருப்பார். பிறகு ஈரக் காலோடு பசியோடு ஜனம் வரும். ஒருத்தர் தாம்பாளம் என்பார், ஒருத்தர் செவப்புக் கோடு என்பார். பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கி வைத்துக்கொள்வார்.

கல்யாணமான முதல் வருடம் அவர் திரும்பி வந்ததும் மாரித்தாய் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "சூரியன் எப்படி இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள். புதுப் பெண்டாட்டியிடம் போய், நான் அடுப்படியில் நின்றேன் என்று எந்த மாப்பிள்ளை சொல்லுவான்? காதில் வாங்கி வைத்திருந்ததை எடுத்து விட்டார். அவள் கை பீடி சுற்ற, கண் அவர் முகத்திலேயே இருந்தது. அந்தப் பார்வைக்காக அடுத்த வருடமும் சொன்னார். அவளும் விடாமல் கேட்டாள். முப்பத்தைந்து வருடம் இப்படியே ஓடியது. அவளுக்கோ பீடிக் கட்டு, பிள்ளை வளர்ப்பு, மாமியாருக்கு மருந்து என்று தென்காசியைத் தாண்ட நேரம் வாய்க்கவில்லை.

இடுப்பு வலி வந்து நெல்லையப்பன் பஸ் ஏறுவதை நிறுத்தினார். இந்த வருடம் சித்திரை கடைசியில் மகள் உமாராணி வந்து நின்றாள். அவள் திருநெல்வேலியில் போலீஸ். "ரெண்டு நாள் லீவு கெடைச்சிருக்கு. எம்மா, கெளம்பு. அப்பா சொல்லுத சூரியனைப் பாத்துட்டு வந்திருவோம்" என்றாள். மாரித்தாய் அன்றைக்கே சேலையை எடுத்து மடித்துவைத்தாள். நெல்லையப்பனுக்குத்தான் இரண்டு கவலை. பொய் வெளியே வந்துவிடக் கூடாது, அவளுக்குச் சூரியனும் தப்பிவிடக் கூடாது. ஒரே ஒரு காலைதான் இருக்கிறது.

கன்னியாகுமரி போய்ச் சேர்ந்த ராத்திரி லாட்ஜ்காரர், "காலையில கதவைத் தட்டி எழுப்பட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"எனக்கேவா?" என்று சிரித்தார் நெல்லையப்பன். "ஆறே முக்காலுக்கு மேலதான் வரும். எனக்குத் தெரியாதா?"

அவர் கணக்கு அப்படி. முப்பத்தைந்து வருடமும் பொங்கலை இறக்கிய நேரத்தை வைத்துத்தான் சூரியனை அளந்திருக்கிறார். அதுவும் மார்கழிக் கணக்கு. சித்திரையில் சூரியன் முந்திக்கொள்ளும் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

"எப்பா, போன்ல அஞ்சு அம்பத்தொம்பதுன்னு போட்டிருக்கு" என்றாள் உமாராணி.

"போனா முந்நூறு தடவை வந்துச்சு?"

"சும்மா இருட்டி. அப்பாவுக்குத் தெரியும்" என்றாள் மாரித்தாய்.

காலையில் லாட்ஜுக்குப் பின்னால் ஒரு சந்தில் நிறுத்தி இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மாடிக் கட்டடங்களுக்கு நடுவே வானம் நன்றாக வெளுத்துவிட்டது. "வெளுக்கும், வெளுத்த பெறவும் நேரம் கெடக்கு" என்றார். உமாராணி போனைப் போனைப் பார்த்தாள். மாரித்தாய் நிதானமாக டீயை ஆற்றிக் குடித்தாள்.

சந்தைத் தாண்டித் திரும்பியபோது, எதிரே ஜனம் வந்துகொண்டிருந்தது. ஈரக் கால், கலைந்த தலை, பசித்த முகம். நெல்லையப்பனுக்குக் காலடி நின்றுவிட்டது. இந்தக் கூட்டத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். இது திரும்பி வருகிற கூட்டம். கை தன்னையறியாமல் கரண்டியைத் தேடியது. பல்லி ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம், தான் போய்க் கழனிப்பானையில் விழுமாம்!

கடற்கரைக்குப் போனபோது சூரியன் கடலுக்கு மேலே ஒரு முழம் ஏறிக் கண்ணைக் கூச வைத்தது. உமாராணிக்குக் கோபமான கோபம். "நாளைக்கு டூட்டி இருக்கு, இல்லன்னா இன்னொரு நாள் இருக்கலாம். இதுக்கா அம்மா இம்புட்டு வருசம் காத்துக்கெடந்தா?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து நடந்துவிட்டாள்.

காற்று சேலையைப் பிடுங்கியது. நெல்லையப்பன் மாரித்தாயைக் கல்சுவரின் மறைவில் உட்காரவைத்து, காற்று வரும் பக்கம் தான் நின்றுகொண்டார்.

"மாரி, நான் ஒரு நாளும் பாத்ததில்லட்டி. எல்லாம் பொய்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பம் இருந்து?"

"மொத வருசத்துல இருந்தே. சூரியனைச் சொல்லும்போது யாரோ சொன்ன மாதிரி சொல்லுவீய. காத்தைச் சொல்லும்போதுதான் ஒங்க கண்ணு முழிக்கும். தீக்குச்சி, தகரம், சாக்குன்னு. அடுப்புகிட்ட நின்ன மனுசன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

"பெறவு எதுக்கு வருசா வருசம் கேட்ட?"

"பீடி சுத்துதவளுக்கு வேற என்ன இருந்துச்சு? நீங்க சொல்லுதது நல்லா இருந்துச்சு, கேட்டேன்."

"இன்னைக்கு? நேரம் போவுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

மாரித்தாய் மகள் போன பக்கம் பார்த்தாள். "பிள்ளை முன்னாடி எப்படிச் சொல்ல? அது சின்னப் பிள்ளையில இருந்து அப்பா சொன்ன சூரியனைக் கேட்டு வளந்தது. சூரியனுக்கென்ன, நாளைக்கும் வரும்."

நெல்லையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். காற்றுதான் கண்ணில் மண்ணை அடித்தது என்று சொல்ல வாய் எடுத்து, இன்றைக்கு இன்னொரு பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் மேலகரத்தில், பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "யக்கா, சூரியன் பாத்தியளா? எப்படி இருந்துச்சு?"

உள்ளே கட்டிலில் படுத்திருந்த நெல்லையப்பன் காதைத் தீட்டிக்கொண்டார்.

"என்னத்தைச் சொல்ல!" என்றாள் மாரித்தாய். "மொதல்ல வானத்துக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு செவப்புக் கோடு விழுந்துச்சு. பெறவு தாம்பாளத்தைத் தூக்குன மாதிரி மெதுவா மேல வந்துச்சு பாரு, அம்புட்டு ஜனமும் பேச்சை நிறுத்திருச்சு. இவுக சொன்னதுல ஒரு சொல்லு மாறல."

"அங்கன காத்து ரொம்ப அடிக்குமாமே யக்கா?"

மாரித்தாய் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "என்ன, படுத்தே கெடந்தா எப்படி? காத்தைக் கேக்கா. அதை நீங்க வந்து சொல்லுங்க."

நெல்லையப்பன் எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.