வெள்ளெலிக்கு சோப்பு போட்ட கதை

அறுபத்தெட்டாம் வருஷம், போர்ட் பிளேரில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த சமயம். சாத்தம் மர ஆலையில் மரத்தூள் அள்ளுவது என் வேலை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். அவ்வப்போது ஒரு மூட்டைத் தூளை மரைன் ஹில்லில் இருந்த ஒரு சின்ன ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். பயிரைத் தின்கிற எலிகளை ஆராய்ச்சி செய்கிற இடம் அது. எங்களுக்கு அது 'எலி ஆபீஸ்'.

அங்கே கூண்டுகளில், நான் போடும் தூளைப் படுக்கையாகப் பரப்பி, வெள்ளெலிகள் வளர்த்தார்கள். முதுகு மண் நிறம், வயிறு வெள்ளை, வால் நுனியில் சின்னதாக ஒரு குஞ்சம். மெயின்லேண்டிலிருந்து அங்கே அதிகாரியாக மாற்றலாகி வந்த பெங்காலி சாப், தான் வளர்த்த ஜோடியை விட மனமில்லாமல் கப்பலில் கூடவே கொண்டுவந்திருந்தார். இங்கே வந்து அவை குட்டியும் போட்டுவிட்டன. "எலிக்கும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வருமாக்கா?" என்று அங்கே வேலை பார்த்த அக்காவைச் சீண்டுவேன்.

அந்த அக்கா விருதுநகர்ப் பக்கம். புருஷனுக்குக் காட்டில் மரம் வெட்டும் கேம்பில் வேலை. அக்கா கப்பல் ஏறி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தற்காலிகம்தான். அது நிலைக்காவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று புருஷன் சொல்லியிருந்தார். அக்காவுக்குத் திரும்பிப் போக இஷ்டமே இல்லை. "அங்க போய் நாத்தனாருக்குத் தண்ணி எறைக்கிறதுக்கு, இங்க எலிக்குத் தண்ணி வைக்கிறேன்டா" என்பார்.

ஒருநாள் சாப் கார் நிகோபாருக்கு டூர் கிளம்பினார். நான் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். கூண்டுகளைக் காட்டி அக்காவிடம் இந்தியில் என்னென்னவோ சொன்னவர், கடைசியில் விரலை ஆட்டி, "பாஸ் ரஹ்னா சாஹியே. சம்ஜீ?" என்றார். "ஜீ சாப்" என்று அக்கா தலையாட்டினார்.

அவர் போனதும், "பக்கத்துலயே இருக்கணும்னு சொல்றாரு, அதானேடா?" என்றார்.

"ஆமாக்கா. எலிக்குத் தாலாட்டும் பாடணுமாம்."

அக்கா சொன்னபடியே இருந்தார். சோறு தின்பதுகூடக் கூண்டுப் பக்கத்தில்தான். அப்படிப் பக்கத்திலேயே இருந்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது. வாலிபமாகிக்கொண்டிருந்த ஒரு ஆண் குட்டிக்கு வயிற்றின் நடுவில் கோடு போட்ட மாதிரி மயிர் உதிர்ந்து, அந்த இடம் மஞ்சளாக, மெழுகு தடவியதுபோலப் பிசுபிசுவென்று இருந்தது. அது போகிற வழியெல்லாம் தகரத்திலும் கல்லிலும் வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனது.

அடுத்த மூட்டையோடு நான் போனதும் இழுத்துப் போய்க் காட்டினார். "டேய், சொறி புடிச்சிருக்குடா. அரிப்பு தாங்காம எப்படித் தேய்க்குது பாரு."

"அம்மையா இருக்கும்க்கா. வாசல்ல வேப்பிலை கட்டுங்க."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வெந்நீர் வைத்தார். கார்பாலிக் சோப்புப் போட்டு அந்தக் குட்டியைக் கழுவோ கழுவென்று கழுவித் துடைத்தார். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து வயிற்றில் தடவினார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆக்கிக் கூண்டில் விட்டார்.

விட்டதுதான் தாமதம், அப்பன் எலி பாய்ந்தது. கூடப் பிறந்தவையும் சேர்ந்துகொண்டன. பந்து மாதிரி உருண்டு, கீச்சென்று ஒரே கூச்சல். அக்கா கையை உள்ளே விட்டுக் குட்டியை வெளியே எடுத்தார். அவர் விரலிலும் கடி. குட்டிக்கு ஒரு காது கிழிந்திருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி விட்டுப் பார்த்தோம். மறுபடி அதே கதைதான்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பெத்த அப்பனே கொல்லப் பாக்குதேடா. இது செத்துச்சுன்னா சாப் என்னை வச்சிருப்பாரா? அடுத்த கப்பல்ல நான்தான்."

அழுகிறவரை எப்படிச் சமாதானம் செய்வது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது கோமாளித்தனம்தான். அதனால், "இதுக்குப் போய் அழுவாங்களா? போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு நான் வாசனை சோப்புப் போட்டுக் குளிச்சு, பவுடர் பூசிட்டு வந்தேன். நான் சோறு போட்டு வளக்கிற நாயே என்னை வீட்டுக்குள்ள விடல. மரத்தூள் சட்டையை எடுத்து மாட்டுன பிறகுதான் வாலை ஆட்டுச்சு" என்றேன்.

அக்கா அழுகையை நிறுத்தினார். "திருப்பிச் சொல்லு."

"நாய் கதையா?"

"ஆமாடா, சொல்லு!"

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் எழுந்துவிட்டார். காலையில் அந்தக் கூண்டிலிருந்து வாரிக் கொட்டிய அழுக்குத் தூள் வெளியே சாக்கில் கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை அள்ளி வந்தோம். குட்டியின் மேலிருந்த மஞ்சளைத் துடைத்துவிட்டு, ஒரு சின்னக் கூண்டில் அந்தத் தூளை நிரப்பி அதற்குள் விட்டோம். கூண்டை அப்பன் கூண்டை ஒட்டியே வைத்தோம். இரண்டு நாள் அது அந்த நாற்றத்திலேயே புரண்டது. பிறகு அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதை உள்ளே விட்டார்.

அப்பன் எலி வந்தது. மோந்தது. வயிற்றை மோந்தது, கிழிந்த காதை மோந்தது. அது என்னவோ வேலை ஞாபகம் வந்த மாதிரி குட்டியின் மேலேயே ஏறி நடந்து, மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. குட்டியும் பின்னாலேயே போய் ஒட்டிப் படுத்தது. அக்கா என் முதுகில் ஒரு அறை விட்டார். சந்தோஷ அறைதான், ஆனாலும் வலித்தது.

சாப் திரும்பி வந்ததும், அவர் கேட்கும் முன்பே அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் நான் ஒத்து ஊதினேன். அவர் குட்டியைப் புரட்டிப் பார்த்தார். மஞ்சள் கோடு மறுபடி பளபளத்தது. தலையில் அடித்துக்கொண்டார். "அரே பாபா, மைனே போலா தா நா, பாஸ் ரஹ்னா சாஹியே!" அன்றைக்கே சொன்னேனே என்று கத்தினார்.

"ஹம் பாஸ் மே ஹீ தா சாப்!" பக்கத்தில்தானே இருந்தேன் என்று அக்கா அழுதேவிட்டார்.

சாப் மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "பாஸ்! பாஸ்!"

அப்போதுதான் விளங்கியது. இந்தியில் பக்கத்துக்கும் பாஸ், வாசனைக்கும் பாஸ். முதல் எழுத்தை அழுத்துவதில்தான் வித்தியாசம். எங்கள் தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்று. அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லவில்லை, வாசனையைக் கழுவாமல் விடச் சொல்லியிருக்கிறார்.

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். அது சொறி இல்லை, வாசனை சுரக்கிற இடம். குட்டியாக இருக்கும்போது தெரியாது. ஆண் குட்டி பெரிதாக ஆகத்தான் எழும்பி வரும். அதைத் தேய்த்து, 'இது என் இடம்' என்று அடையாளம் வைக்கும். வீட்டு வாசனை இல்லாமல் உள்ளே வந்தால் பெற்ற பிள்ளையும் அந்நியன்தான்.

"அப்போ மீசை முளைச்ச பிள்ளைக்கா நான் மஞ்சள் பூசுனேன்?" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் அதை மொழிபெயர்த்ததும் சாப் வயிறு குலுங்கச் சிரித்தார். குட்டியைத் திரும்பச் சேர்த்ததை மட்டும் இன்னொரு தடவை விவரமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அக்காவின் வேலையை நீட்டிக்க மேலே கேட்பதாகச் சொன்னார், கேட்டும் வாங்கித் தந்தார். அந்தக் கப்பல் அக்கா இல்லாமலே போனது.

இப்போதெல்லாம் கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய யாராவது, சொல்வது புரியாமல் மூட்டையோடு முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நான் வாயைக் கட்டிக்கொண்டு மூட்டைக்கு ஒரு கை கொடுக்கிறேன். முதலில் இந்தத் தீவின் வாசம் அவர் மேல் ஒட்டட்டும், கிண்டல் எங்கே ஓடிவிடப் போகிறது?