தாளம் மட்டும் போட்டாள்

அறுபதுகளில் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு டீச்சர். ஐந்தாம் வகுப்புச் செல்லம்மா சரளி வரிசையைக்கூட அழுவதுபோல் இழுப்பாள். இழவு வீடுகளில் ஒப்பாரி பாடும் அம்மாவோடு போய்ப் பழகிய குரல்.

"இங்கன ஒப்பாரி வைக்காத. இனி நீ தாளம் மட்டும் போட்டாப் போதும்" என்றேன். அப்படியே செய்தாள்.

அந்தச் சாரல் மாதத்தில் என் கணவர் இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். செல்லம்மாவின் அம்மா ஒப்பாரியை எடுத்தாள். கூடப் பாட வேண்டிய மகள் வாயைத் திறக்கவில்லை.

"பாடுட்டி" என்று அம்மா அவளை இடித்தாள்.

செல்லம்மா நகர்ந்து வந்து என் காதருகே கேட்டாள். "டீச்சர், நான் பாடலாமா?"

தலையாட்டினேன். பாடினாள். சுருதி கொஞ்சமும் விலகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அப்போதும் அழுகை வரவில்லை.

பதினாறாம் நாள் கழிந்து வகுப்புக்குப் போனேன். "அன்னைக்குப் பாடினதைப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டு" என்றேன்.

"அதைச் சும்மா பாடக்கூடாது டீச்சர். யாராவது சாகணும்."

"சரி, சரளி வரிசையே பாடு."

அதே இழுவையோடு பாடினாள். நான் திருத்தவில்லை. தாளம் மட்டும் போட்டேன்.