டிக்கியின் மிஸ்ஸி

ஒரு நாய்க்கு அதன் ஆள் இறந்துவிட்டதை எப்படிச் சொல்வது? மிஸ்ஸி இருந்திருந்தால் அவரைக் கேட்டிருப்பேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்து மருத்துவிச்சி சரோஜா மிஸ்ஸி கேகாலை ஆஸ்பத்திரியில் காலமான செய்தி, நான் வகுப்பில் இருந்தபோது வந்தது. தொலைபேசியில் அவருடைய தம்பி. "டீச்சர், அக்கா போயிட்டாங்க" என்றவர், "டிக்கி உங்ககிட்டதானே இருக்கு?" என்று கேட்டார். என்னிடம்தான் இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து வேனில் ஏறும்போது, பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்த என் கையில் அதன் சங்கிலியைத் திணித்துவிட்டுப் போயிருந்தார் மிஸ்ஸி. "ரெண்டு நாள்ல வந்துருவேன். இவன் தோண்டினா திட்டாதீங்க" என்பதுதான் என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது.

டிக்கியை இந்தத் தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளை டெரியர். ஒரு காது மட்டும் பழுப்பு. தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமார் மாற்றலாகிப் போகும்போது பங்களா நாய்களை இங்கேயே விட்டுப் போவது வழக்கம். பெரிய நாய்களைக் காவலுக்கென்று ஆளாளுக்கு வாங்கிக்கொண்டார்கள். இந்தக் குட்டியை யாரும் கேட்கவில்லை. மிஸ்ஸி கூடையில் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அவர் போகும்போதெல்லாம் அது முன்னால் ஓடும். குரைப்பு கேட்டாலே, "மிஸ்ஸி வந்துட்டாங்க, தண்ணி வைங்கடி" என்பார்கள். உங்களில் பலருடைய பிள்ளைகள் பிறந்தபோது வாசற்படியில் படுத்திருந்தது அதுதான்.

நாய்களைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளை நான் நம்புகிறவள் இல்லை. டிக்கி கோழியைத் துரத்தும், செருப்பைக் கடிக்கும், கூப்பிட்டால் யோசித்துவிட்டுத்தான் வரும். "இதுல என்னத்தக் கண்டீங்க மிஸ்ஸி?" என்று ஒருமுறை கேட்டேன். "இவனுக்குத் தன்னோட சைஸ் தெரியாது டீச்சர். நமக்குத்தான் அது ரொம்ப நல்லாத் தெரியுமே" என்றார்.

அதன் பொருள் எனக்கு ஒரு பஸ் பயணத்தில் விளங்கியது. விசர்நாய்த் தடுப்பூசிக்காக டிக்கியைக் கேகாலைக்குக் கொண்டுபோனார். நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். ராணுவச் சோதனைச் சாவடியில் எங்களை இறக்கி, அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள். தமிழ்ப் பெயர்களை இரண்டு முறை வாசித்தார்கள். நாங்கள் தலையைக் குனிந்து நின்றோம். கூடையிலிருந்து தலையை நீட்டி, துப்பாக்கி வைத்திருந்தவரைப் பார்த்து டிக்கி குரைக்கத் தொடங்கியது. மிஸ்ஸி நிதானமாகச் சிங்களத்தில், "கோவிச்சுக்காதீங்க மாத்தயா, இவன் பெரிய துரையையே விட்டுவச்சதில்ல" என்றார். துப்பாக்கிக்காரர் சிரித்துவிட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் மிஸ்ஸியின் சேலைத் தலைப்பு வியர்வையில் நனைந்திருந்ததைப் பார்த்தேன்.

போன வருடம் ரப்பர் மலைச்சரிவில் முள்ளம்பன்றி வளைக்குள் டிக்கி புகுந்துவிட்டது. ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். "வெட்டாதீங்க, மண்ணு சரிஞ்சா மூச்சு முட்டிடும்" என்று தடுத்து, வளைவாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார் மிஸ்ஸி. அரிசி விலை, புதுத் துரையின் தொப்பை, தன் முழங்கால் வலி என்று பேசிக்கொண்டே இருந்தார். "இருட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு குரல் போதும் டீச்சர். பிரசவத்துலயும் பாதி வேல இதுதான்." வெகுநேரம் கழித்து டிக்கி பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்தது.

அடக்கத்தன்று அதை என் சமையலறையில் கட்டிவைத்தேன். பிரேதத்துக்குக் குறுக்கே நாய் வரக்கூடாது என்று உறவினர் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. மயானத்திலிருந்து திரும்பியபோது சங்கிலியில் வெறும் கழுத்துப்பட்டி கிடந்தது. கதவுக்கு அடியில், மண் தரையில் ஒரு குழி. ரப்பர் மரங்களில் பால் வெட்டும் செல்வி, அது அதே வளைக்குள் போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். போய்க் கூப்பிட்டேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சரிவின் மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மிஸ்ஸி என்னிடம் விட்டுப்போனது டிக்கி ஒன்றைத்தான்.

மறுநாள் காலையில் வளைவாசல் பாதி அடைபட்டிருந்தது. கையால் மண்ணை விலக்கிவிட்டு ஈரத்தில் உட்கார்ந்தேன். பாடத்துக்கு வெளியே அதிகம் பேசத் தெரியாதவள் நான். முதலில் அரிசி விலையைச் சொன்னேன். வாளியோடு போன செல்வி, "டீச்சர், பள்ளிக்கூடத்த இங்க மாத்திட்டாங்களா?" என்று சிரித்தாள். பிறகு அவளும் வாளியை வைத்துவிட்டு நின்றாள். வேறு பேச்சு கிடைக்காமல், நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன்: வேன், ஆஸ்பத்திரி, பெட்டி, யார் யார் அழுதார்கள் என்பதுவரை. சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இருட்டைப் பார்த்துப் பேசுகிற அந்தப் பழக்கம்தான்.

டிக்கி பின்பக்கமாக வெளியே வந்தது. என் பேச்சுக்காகவா, பசிக்காகவா என்று சொல்லமாட்டேன். என்னைப் பார்க்காமல் மிஸ்ஸியின் வீட்டுக்கு ஓடிக் கதவைப் பிறாண்டியது. திறந்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், எல்லா இடமும் மோந்து பார்த்தது. பிறகு என் வீட்டுப் பக்கம் நடந்தது. விரியத் திறந்திருந்த கதவை விட்டுவிட்டு, தான் தோண்டிய குழி வழியாகவே சமையலறைக்குள் நுழைந்தது.

அந்தக் குழியை நான் இன்னும் மூடவில்லை.