கடைசி அணிக்கு முதல் ஆட்டம் கேட்டவர்

திங்கட்கிழமை காலை உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது தில்லிபாபு அழைத்தான். எங்கள் கல்லூரிக் கபடி அணியின் கேப்டன். அந்த நேரத்தில் அவன் என்னைக் கூப்பிட எந்த நியாயமும் இல்லை. என் வணிகவியல் வகுப்புக்கே ஒழுங்காக வராதவன். எடுத்தவுடன் அழுகைதான் கேட்டது. "சார், பி.டி. சார் கிரவுண்டுலயே வியுந்துட்டாரு சார். வண்டில ஏத்திக்கினு போறோம். கண்ணே தொறக்கல சார்." மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஞானசேகரனை உங்களுக்குத் தெரியும். உடற்கல்வி இயக்குநர் என்று அறைப் பலகையில் இருக்கும்; ஊர் முழுக்க அவர் பி.டி. சார். அவருக்கும் எனக்கும் ஆகாது என்று கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு. ஆகாதுதான். வாரத்துக்கு ஒரு சண்டையாவது போடாமல் நாங்கள் இருந்ததில்லை. அதில் பாதிச் சண்டை ஒரே ஒரு ஒப்பந்தத்தைப் பற்றியது. அதைத்தான் எழுதப்போகிறேன். பரம சாது, அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் எழுத என்னால் ஆகாது. அதிர அதிரத்தான் பேசுவார்.

சுற்றுவட்டாரத்து ஆறு கல்லூரிகள் சேர்ந்து ஒரு கபடிக் கூட்டமைப்பு வைத்திருக்கிறோம். அதன் ஆட்டங்களை உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று ஐந்தாண்டுகள் ஒளிபரப்ப வேண்டும் என்று அலைந்து திரிந்து ஒப்பந்தம் போட்டவர் அவர். நான் ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறவன் என்பதால் படித்துப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது, ஒரு நிபந்தனையைத் தவிர. தரவரிசையில் கடைசியில் இருக்கும் அணியின் ஆட்டத்தைத்தான் மாலையில் முதலில் காட்ட வேண்டுமாம். "இது என்ன சார் கூத்து?" என்றேன்.

"மொதல் எடத்துல கீற நம்ம டீமை மொதல்ல காட்டினா, முடிஞ்சதும் டிவிய அணைச்சிட்டு சோறு துன்னப் பூடுவான் சார். அப்பறம் தோத்த பசங்க ஆட்றத எவன் பாப்பான்? நம்ம ஆட்டத்துக்குக் காத்துக்கினு கீறவன் அவங்களையும் பாத்துத்தானே ஆவணும்?" என்றார்.

அப்போது கடைசியில் இருந்தது சாலவாக்கம் பக்கத்துக் கல்லூரி. அவர்களுக்கு ஏழு பேர் தேறுவதே பெரும்பாடு. நடவு நாளென்றால் அதிலும் இரண்டு பேர் வரமாட்டார்கள். டிவியில் வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. டீக்கடையில் நின்று பார்த்த யாரோ, "உன் பையன் நல்லா புடிக்கிறான்யா" என்று சொல்ல, வயலுக்கு வரச்சொல்லித் திட்டிக்கொண்டிருந்த அப்பன்மார்களே பிள்ளைகளை வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். போன ஆண்டு அந்த அணி எங்களைத் தோற்கடித்தது. எங்கள் தாளாளரின் முகம் சுண்டிப்போனது. ஞானசேகரனோ அவர்களுடைய பி.டி. சாந்தி மேடத்திடம் போய், "இப்பத்தான் மேடம் உங்களப் பாத்தா எனக்குப் பயமா கீது" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டு வந்தது வினை. சென்னையிலிருந்து ஒரு விளையாட்டுச் செயலி நிறுவனம் எங்கள் அணியைக் கேட்டது. மற்ற மாவட்டங்களின் முன்னணி அணிகளோடு பெரிய உள்ளரங்கில் ஆடலாம், நாடே கைபேசியில் பார்க்கும். ஆனால் கூட்டமைப்பை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். நாங்கள் வெளியே வந்தால் கேபிள்காரரும் ஒளிபரப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்று பழைய ஒப்பந்தத்திலேயே இருந்தது. மீதி ஐந்து அணிகளும் இருட்டில் ஆட வேண்டியதுதான்.

நிர்வாகம் என்னிடம் யோசனை கேட்டது. வழி இருந்தது. மழைக்காலத்தில் கேபிள்காரர் சில ஆட்டங்களைக் காட்டாமல் விட்டிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு சட்டப்படி கழன்றுகொள்ளலாம் என்றேன். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. தில்லிபாபுவைப் பற்றியும் பேசினேன். அவனுக்கு இது கடைசி ஆண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்க வேண்டுமென்றால், பெரிய இடத்தில் யாராவது அவன் ஆட்டத்தைப் பார்த்தாக வேண்டும்.

அன்று ஆசிரியர் அறையில் ஞானசேகரன் கத்திய கத்தலில் அடுத்த அறை வகுப்பு நின்றுபோனது. "கையெய்த்துப் போட்டுட்டு ராவோட ராவா ஓடறதுக்கு நாம இன்னா சீட்டுக் கம்பெனியா சார்?" நானும் விடவில்லை. தில்லிபாபுவுக்கு என்ன வழி என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர், "அது பாவந்தான் சார். நான் இல்லங்கல" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

நிறுவனத்தின் பிரதிநிதி கல்லூரிக்கு வந்தபோது, ஆறு அணிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், கேபிள்காரரிடம் நானே பேசிச் சம்மதம் வாங்குகிறேன் என்று ஞானசேகரன் கேட்டார். அந்த இளைஞர் மரியாதையாகச் சிரித்தார். "ஆறாவது டீமை யார் சார் பாப்பாங்க?" என்றார்.

வெளியே வந்ததும் ஞானசேகரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா சார்? இன்னிக்கி ஆறாவது வாணாங்கறான். நாளைக்கி அஞ்சாவது வாணாம்பான். நம்ம பசங்க ஒரு வருசம் தோத்தா நம்மளும் வாணாம்பான். அன்னிக்கித் திரும்பி வந்தா, கூட ஆட்றதுக்கு இங்க எவன் கீறான்?" நல்ல வெயில். அந்த வெயிலிலும் என் கையை விடவில்லை அவர்.

அதன்பின் நடந்தது எதுவும் நல்லதற்கில்லை. கேபிள்காரர் எங்கள் அழைப்பை எடுப்பதை நிறுத்தினார். மற்ற கல்லூரிகள் வழக்கமான பயிற்சி ஆட்டங்களுக்கு வராமல் ஏதேதோ சாக்குச் சொன்னார்கள். நிர்வாகக் குழு கூடுவதற்கு முன்பே, நிறுவனத்தின் பதாகைக்காக நுழைவாயிலில் சாரம் கட்டியாயிற்று. மேடை ஏறினால் ஆயிரம் ஆண்டாக நிற்கும் ஊர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் இறங்காத நிர்வாகம் இது. ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றை மட்டும் அதனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் மைதானத்துக்குப் போனபோது, முன்பின் தெரியாத இரண்டு பேர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்களாம். யாரைக் கேட்டு அளக்கிறீர்கள் என்றிருக்கிறார். "கம்பெனி போர்டு வைக்கத்தான். எல்லாம் பேசி முடிச்சாச்சே சார், உங்களுக்குச் சொல்லலியா?" என்று கேட்டார்களாம். சற்று நேரத்தில் விழுந்துவிட்டார். மாரடைப்பு என்கிறார் டாக்டர். அதற்கு மேல் நானும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மைதானத்துப் பக்கம் போனேன். விட்ட இடத்திலிருந்து அளந்துகொண்டிருந்தார்கள்.

எடுக்கிற அன்று ஆறு கல்லூரிப் பிள்ளைகளும் அவரவர் அணிச் சட்டையோடு வந்து நின்றார்கள். தாளாளர் என்னைத் தனியே அழைத்தார். வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது, விலகல் கடிதத்தை நான்தான் எழுத வேண்டும் என்றார். புதிய போட்டியின் கோப்பைக்கு ஞானசேகரன் பெயரையே வைத்துவிடலாம், இரங்கல் கூட்டத்திலேயே அறிவிக்கலாம், நிறுவனமே அதை நேரலையில் காட்டும் என்றார். அடப்பாவிகளா! அந்த மனிதரை இன்னும் எரிக்கக்கூட இல்லை.

அவர் நகர்ந்ததும் சாந்தி மேடம் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான் சார். பசங்க கேக்கச் சொல்றாங்க. அடுத்த சீசன்ல நீங்க கீறீங்களா, இல்லியா?" அவருடைய அணி பின்னால் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, பாடைக்குப் பக்கத்தில், தில்லிபாபு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதில் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம் இல்லாதவன் கொடுக்கும் வாக்கு கல்லூரியைக் கட்டுப்படுத்தாது என்று வகுப்பில் நடத்துகிறவனே நான்தான். "இருக்கோம் மேடம்" என்றேன். தில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் நினைவாக வேறு எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் நின்று கொடுத்த அந்த ஒரு வாக்குதான் என்னிடம் இருக்கிறது. கடிதத்தை நான் எழுத மாட்டேன். வேறு யாராவது எழுதுவார்கள். எழுதத் தெரிந்தவர்களுக்கா இங்கே பஞ்சம்? வியாழக்கிழமை அந்த அறையில் கத்துவதற்கு ஞானசேகரன் இருக்க மாட்டார், நான் இருப்பேன். ஆனால் தில்லிபாபுவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.