பதினான்காம் மாடி விளக்கு

அந்தக் கட்டடத்தின் பதினான்கு மாடிகளும் குளிப்பதா வேண்டாமா என்பது, தரைக்குக் கீழே சின்ன அறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் ஆள்காட்டி விரலில் இருந்தது. தையற்காரரின் மனைவி, பதினோரு வருட சர்வீஸ். எல்லோருக்கும் மோட்டார் அக்கா. சொந்தப் பெயரைக் கேட்டால் அவளே ஒரு நொடி யோசிப்பாள்.

கீழ்த்தொட்டித் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுவது அவள் வேலை. தொட்டி நிரம்பியதைச் சொல்லவேண்டிய மிதவை செத்து ஒரு வருடம் ஆகிறது. புதிது வாங்குவதைப் பற்றிக் குடியிருப்போர் சங்கம் ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தது. அதுவரை அக்காதான் மிதவை. காலையும் மாலையும் லிஃப்டில் போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள்.

ஒருநாள் அதே லிஃப்டில் சங்கத் தலைவர் ஏறினார். அக்காவின் கையில் கிரீஸ். தலைவர் பண்பாளர், மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. மறுநாள் லிஃப்ட் வாசலில் ஒரு காகிதம் மட்டும் ஒட்டினார்: பணியாளர்கள் படிகளையே பயன்படுத்த வேண்டும். நியாயம் கேட்கப் போனவளிடம், "படி ஏறுறது உடம்புக்கு நல்லதும்மா" என்று வைத்தியமும் சொல்லி அனுப்பினார்.

மொத்தம் இருநூற்று எண்பது படி. எட்டு மாதத்தில் அக்காவின் வலது முட்டி பூசணிப் பிஞ்சு மாதிரி ஆனது. தைலம் தேய்த்துவிட்ட தையற்காரர் தலைவரை வாயாரத் திட்டினார். அக்கா திட்டவில்லை. திட்டிவிட்டால் கோபம் செலவாகிவிடும் என்று பத்திரப்படுத்தினாள்.

தொட்டிக்கு நேர் அடியில் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் வேகமாக இறங்காது. கீழ் மாடியில் கொட்டும், உச்சியில் சொட்டும். உச்சியில் இருந்தவர் தலைவர். அதனால் அவர் வீட்டுக்கென்றே மொட்டைமாடியில் ஒரு குட்டி மோட்டார். குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். அதன் சுவிட்சும், அது ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கும் கீழே அக்காவின் பலகையில் இருந்தன.

முட்டியை நீவிக்கொண்டே அவள் அந்த விளக்கைக் கவனித்தாள். ஏழரைக்கு எரியும். இரண்டு நிமிடத்தில் அணையும். மூன்று நிமிடம் கழித்து மறுபடி எரியும். நடுவில் இருக்கும் அந்த மூன்று நிமிடம் சோப்பு என்று புரிந்த அன்று, அவள் வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள்.

மறுநாள் விளக்கு அணைந்ததும் சுவிட்சையும் அணைத்தாள். மேலிருந்து போன் வந்தது. மோட்டாரில் காற்று பிடித்திருக்கும், மேலே வந்துதான் எடுக்கவேண்டும் என்றாள். தலைவரின் வைத்தியத்தை மதித்து, மாடிக்கு ஒருமுறை இளைப்பாறி ஏறினாள். மோட்டாரை இரண்டு தட்டு தட்டினாள். இறங்கி வந்து சுவிட்சைப் போட்டாள். முக்கால் மணி நேரம். முட்டி உயிரை வாங்கியது, மனசு குளிர்ந்தது.

நாலு நாள் இதே கதை. ஐந்தாம் நாள் தலைவர் துண்டோடும், தலை நிறைய நுரையோடும் லிஃப்டில் இறங்கி மோட்டார் அறைக்கே வந்துவிட்டார். வேலைக்குக் கிளம்பிய பாதிக் கட்டடம் பின்னாலேயே வந்து நின்றது.

"சீக்கிரம் லிஃப்ட்ல ஏறும்மா, கண்ணு எரியுது."

"அதுல நாங்க ஏறக்கூடாதுன்னு ஒட்டியிருக்கீங்களே சார்."

"நான்தானே சொல்றேன்?"

"ஒட்டினவங்களே கிழிச்சாத்தான் சார் எனக்கு தைரியம் வரும். அவசரமில்ல, கொஞ்சம் ஊறட்டும். உடம்புக்கு நல்லது."

லிஃப்ட் வாசல் காகிதத்துக்கு நல்ல பசை. தலைவர் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகை நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. ஒருவரும் வேலைக்குப் போக அவசரப்படவில்லை.

அன்று அக்கா லிஃப்டில் போய், லிஃப்டில் வந்தாள். சாயங்காலம் தைலம் தேய்த்தபடி தையற்காரர் கேட்டார்: "அதான் காரியம் ஆயிடுச்சே. இனிமே அந்த மனுஷன விட்டுடுவேல்ல?"

"லிஃப்டுக்கு சரியாப் போச்சுங்க" என்றாள் அக்கா. "முட்டிக்கு?"

மறுநாள் ஏழரைக்கு விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடத்தில் அணைந்தது. அக்கா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை நீட்டினாள்.